பேராசிரியர் வரைந்த வாய்க்கால்

சண்டிலிப்பாயில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் நாலாம் நாள் பழைய சண்டையெல்லாம் மிதந்து வெளியே வரும். அந்த மார்கழியிலும் அப்படித்தான். நாலாம் நாள் காலை ஆறரைக்கு யூரியாப் பையை மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு வந்து சோமசேகரத்தின் கேற்றைத் தட்டினவர் பக்கத்து வயற்காரர் சீவரத்தினம்.

சோமசேகரம் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். பிரதேச சபையில் இரண்டாம் தடவையாக உறுப்பினர். ஊரில் யாருக்குக் காணிப் பிரச்சினை வந்தாலும் "புரொபசரிட்டைப் பழைய காணிப் படம் இருக்கும்" என்று அவரிடம்தான் வருவார்கள். சீவரத்தினம் அப்படி வருகிறவர் இல்லை. ஐந்தாம் வகுப்புவரை அவரோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர். அந்த உரிமை இன்னும் அவர் வாயில் இருந்தது.

"மச்சான், மழை எத்தினையாம் திகதி நிக்கும் எண்டு உன்ரை சரித்திரப் புத்தகத்திலை எழுதிக் கிடக்கே?"

"வா சீவா. இருந்து ஒரு தேத்தண்ணி குடி."

"குடிச்சது காணும். என்ரை வெங்காயமும் குடிச்சு வயிறு ஊதிப்போய்க் கிடக்குது. நட்டுப் பதினெட்டு நாள். இண்டைக்குப் பொழுதுபட முன்னம் தண்ணி வடியாட்டி வேர் அழுகும். பேந்து கிண்டினால் நாத்தம்தான் வரும்."

குசினியில் குரக்கன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சோமசேகரத்தின் மனைவி குணலட்சுமி துவாயோடு வந்தாள். "தலையைத் துடையுங்கோ அண்ணை. சம்பலும் ரொட்டியும் கிடக்கு, தின்னுங்கோ."

சீவரத்தினம் துவாயை வாங்கினார். ரொட்டியை வாங்கவில்லை.

"நீ சொன்னாய், வில்லியத்தின்ரை குசினியை இடிச்சால் தண்ணி ஓடும் எண்டு. இடிச்சு ஆறு வருசம். ஆறு மாரி. ஒரு சொட்டுத் தண்ணி அங்காலை போச்சுதே? இப்ப சபைத் தவிசாளர் சொல்லுறார், அவன்ரை ரெண்டு அறையும்தான் மறிக்குதாம். நாளைக்குச் சபையிலை கொங்கிறீட் வாய்க்கால் தீர்மானம் எடுபடுமாம். உன்ரை படத்திலை இருக்கிற கோட்டிலையாம்."

"ஓம். நாளைக்கு ஒன்பதரைக்குக் கூட்டம்."

"நீயும் கையைத் தூக்கத்தானே போறாய்? எனக்கென்ன, தண்ணி போனால் சரி. ஆனால் மச்சான், தண்ணிக்கு உன்ரை படம் வாசிக்கத் தெரியேல்லைப் போல கிடக்கு."

சீவரத்தினம் பகிடிக்குத்தான் சொன்னார். சோமசேகரம் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். ஏழு வருடங்களுக்கு முன்புவரை வீட்டோரம் போகிற குறுகிய ஒழுங்கைப் பக்கம் சோமசேகரத்தின் வளவுக்குப் பனையோலை வேலி. கதியால் தடியும் ஓலையும் ஆட்களை மறிக்குமே ஒழியத் தண்ணீரை மறிக்காது. வயல்வெளியில் விழுகிற மழை ஒழுங்கைக்கு வந்து, வேலியின் அடியால் நுழைந்து, பின்வளவைக் கடந்து, குளத்துக்குப் போகும். யாரும் அதை வாய்க்கால் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. மாரியில் இரண்டு நாள் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும், அவ்வளவுதான்.

மகள் சாருஜாவுக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது குணலட்சுமி மதில் வேண்டும் என்றாள். வீடும் வளவும் சாருஜாவுக்குச் சீதனமாக எழுதுவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது ஓலைவேலி நிற்கலாமா? ஆடி மாத வெயிலில் மதில் எழும்பியது. கட்டினவர் ஒழுங்கையின் கிழக்கு முனையில் இருந்த வில்லியம் மேசன்.

வில்லியத்தின் தகப்பன் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தொண்ணூறில் யுத்தத்தில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, பல இடம் அலைந்து, கடைசியில் இங்கே இரண்டு பரப்புக் காணி வாங்கி இரண்டு அறை போட்டார்கள். மதில் கட்டும்போது வில்லியம் ஓரிடத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்று, "சேர், இதிலை தண்ணி போற தடம் கிடக்கு. மதகு ஒண்டு விட்டுக் கட்டுவம்" என்றார். "மதகாலை பாம்பு வரும்" என்றாள் குணலட்சுமி. சோமசேகரம் ஒன்றும் சொல்லவில்லை. வில்லியம் மதகு விடாமல் கட்டினார். மிஞ்சின சீமெந்துக் கற்களைச் சோமசேகரமே அவருக்குக் கொடுத்தார். அந்தக் கல்லால்தான் வில்லியம் தன் மனைவி தேவமலருக்குக் குசினி கட்டினார்.

அந்த மாரியில் வெங்காயத்தறை எல்லாம் வெள்ளத்தில் மூழ்கியது. இத்தனை வருடம் ஓடின தண்ணீர் ஏன் நின்றது என்று சபை விசாரித்தது. பழைய அளவைப் படம் யாரிடம் இருக்கிறது? புரொபசரிடம். அறிக்கை யார் எழுதுவது? புரொபசர்தான். அவர் தன் மேசையில் அந்தப் படத்தை விரித்து மேலே மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுத்தார். நீலக் கோடு நேரே தன் புதுமதிலுக்குள்ளால் போவதைக் கண்டார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த கிழமை வர இருந்தார்கள். வாய்க்கால் போகிற வளவென்றால் என்ன சொல்லுவார்கள்? "ஒரு கோடுதானே, கொஞ்சம் அங்காலை கீறினால் ஆருக்குத் தெரியும்?" என்று குணலட்சுமி சொன்னாள். அவர் தாளை ஒன்றரை விரல் தள்ளி வைத்து, கோடு கிழக்கே விழும்படி கீறினார். தாளில் ஒன்றரை விரல். நிலத்தில் அது வில்லியத்தின் குசினி.

ஊரும் உடனே நம்பியது. அந்த வருடம் புதிதாக எழும்பின கட்டடம் இரண்டு: ஒன்று புரொபசரின் மதில், மற்றது இடம்பெயர்ந்து வந்தவனின் குசினி. எது மறித்திருக்கும் என்று யாரும் இரண்டுதரம் யோசிக்கவில்லை. சபையின் பெக்கோ இயந்திரம் வந்து அரை மணித்தியாலத்தில் குசினியை வழித்துத் தள்ளியது. அதில் இனி ஒன்றும் கட்டக்கூடாது என்று கடிதமும் கொடுத்தார்கள். இடம்பெயர்ந்தவர்கள் இழந்த காணிகளைப் பற்றி இரண்டு நீண்ட கட்டுரை எழுதின மனிதர் சோமசேகரம். அதற்குப் பிறகு அவர் அந்தத் தலைப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை.

சீவரத்தினத்தோடு குடையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒழுங்கைக்கு இறங்கினார். மதிலின் இந்தப் பக்கம், அவருடைய வளவில், மழைத்தண்ணீர் அங்கங்கே தேங்கினதோடு சரி. அந்தப் பக்கம் முழங்காலுக்கு மேலே. பழுப்புத் தண்ணீர் மதிலில் வந்து முட்டி, ஓலையும் தேங்காய் மட்டையும் செத்த எலியுமாகச் சுற்றிச் சுற்றி நின்றது. நூறு வருடப் பழக்கத்தில் அது அந்த இடத்துக்குத்தான் வந்திருந்தது.

கிழக்கு முனையில் வில்லியம் வாசற்படியில் நின்று வாளியால் அறைக்குள் இருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். தேவமலர் அரிசிப் பையைக் கதிரைக்கு மேலே கதிரை வைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். பெக்கோ விட்டுப்போன இடத்தில் நாலு கம்பு நட்டு, தறப்பாள் கட்டி, ஆறு வருடமாக அதற்குக் கீழேதான் அவளுக்குச் சமையல். அன்று அடுப்புக் கல் மூன்றும் தண்ணீருக்குள்.

"நாளைக்கு அதையும் உடைச்சால் உதுகள் எங்கை போகுங்கள்?" என்று சீவரத்தினம் தன்பாட்டில் சொன்னார். "எனக்கு வெங்காயமும் வேணும். உதையும் பாக்கேலாமல் கிடக்கு."

சோமசேகரம் திரும்பி வீட்டுக்கு நடந்தார். பின்பக்கக் கொட்டிலில் இருந்து இரும்பு அலவாங்கை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வளவுப் பக்கமாக மதிலடிக்குப் போனார்.

"என்னப்பா, உங்களுக்கென்ன விசரே?" என்று குணலட்சுமி மழைக்குள் ஓடி வந்தாள். "சாருஜாவின்ரை மதில்!"

"சாருஜா கனடாவிலை இருக்கிறாள். சீவரத்தினத்தின்ரை வெங்காயம் இஞ்சை இருக்கு."

நாற்பது வருடம் சோக்குக்கட்டி பிடித்த கை. முதல் அடியில் அலவாங்கு சறுக்கி உள்ளங்கைத் தோலை உரித்தது. நாலு அடி அடித்தும் பூச்சுத்தான் உதிர்ந்தது. சத்தம் கேட்டு ஒழுங்கையில் ஆட்கள் கூடினார்கள். பிறகு கேற்றால் சுற்றிக்கொண்டு வில்லியம் வந்தார். சேட்டில்லை, இடுப்பில் நனைந்த சாரம்.

"அதிலை அடியாதேங்கோ சேர். அது தூண். தூண் போனால் உங்களுக்கு மேலைதான் மதில் விழும். தாருங்கோ."

அலவாங்கை வாங்கி எட்டடி தள்ளிப் போனார். கையால் மதிலைத் தடவி, கீழ்வரிசையில் ஒரு கல்லைத் தேர்ந்து, மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடிக்குக் கல் உள்ளே போனது. முதலில் கை தடிப்பத்தில் தண்ணீர் வந்தது. பிறகு மேல்வரிசை இரண்டும் தானாகவே சரிந்தன. பிறகு மாட்டை அவிழ்த்துவிட்டதுபோல் எல்லாத் தண்ணீரும் வந்தது. குணலட்சுமியின் மிளகாய்க் கன்றுகளையும் செவ்வரத்தையையும் பூச்சாடிகளையும் அள்ளிக்கொண்டு பின்வளவால் விழுந்து குளத்தைப் பார்த்து ஓடியது. வழி கேட்கவில்லை. வளையவும் இல்லை.

"போகுது! போகுது!" என்று ஒழுங்கையில் சத்தம். சீவரத்தினம் தண்ணீருக்குள் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய மகள் தனுசியா போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. "தன் வீட்டு மதிலை உடைத்து விவசாயிகளைக் காப்பாற்றிய பேராசிரியர்" என்று மேலே எழுதியிருந்தாள். படத்தில் அலவாங்கோடு நின்றது சோமசேகரம். வில்லியத்தின் முதுகு ஒரு ஓரத்தில் பாதி தெரிந்தது.

பின்னேரம் மழை விட்டது. தவிசாளர் கேதீஸ்வரன் போன் எடுத்தார்.

"சேர், கண்டன், கண்டன். கொழும்பிலை இருந்தும் எடுத்துக் கேக்கினம், உவர் ஆர் எண்டு. நாளைக்குக் கூட்டத்திலை முதல் வேலை உங்களுக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம்."

"கேதீஸ், அது வேண்டாம். அந்தக் கொங்கிறீட் வாய்க்காலைப் பற்றித்தான்..."

"அதுதான் சேர் சொல்ல வாறன். உங்கடை வளவுக்குள்ளாலை தண்ணி விட்டது உங்கடை பெருந்தன்மை. அதுக்காகச் சபை உங்களை ஒவ்வொரு மாரியும் கஷ்டப்படுத்தேலுமே? நாளைக்கே தீர்மானத்தை எடுத்து, உங்கடை படத்திலை இருக்கிற கோட்டிலை வேலையைத் துவங்குவம். வில்லியத்துக்கு வேறை எங்கையேன் பாப்பம்."

"எங்கை பாப்பியள்?"

"பாப்பம் சேர். பாக்காமலே விடப்போறம்?"

போனை வைத்த பிறகு சோமசேகரம் விறாந்தையில் அப்படியே இருந்தார். தான் மதிலை உடைத்தது வில்லியத்தின் வீட்டுக்கு நாள் குறித்ததுபோல் ஆகிவிட்டது. குணலட்சுமி உரிந்த கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

"மதிலை உடைச்சாச்சு," என்றாள். "பூக்கண்டு எல்லாம் அள்ளுப்பட்டுப் போட்டுது. இன்னும் என்ன முகத்தைத் தொங்கப் போடுறியள்?"

"உடைச்சதாலை சரியாகேல்லை லட்சுமி. நான் சொல்லவேணும்."

"ஆருக்கு?"

"வில்லியத்துக்கு. பேந்து சபைக்கு."

அவள் கட்டின சீலையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "சாருஜாவின்ரை மாமி ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது? பல்கலைக்கழகத்திலை என்ன சொல்லுவினம்? ஒரு படத்தை மாத்திக் கீறின ஆளிட்டை ஆரப்பா சரித்திரம் படிப்பினம்?"

"படிக்கத் தேவையில்லை."

"நானும்தானே கீறச் சொன்னனான்," என்றாள். பிறகு குசினிக்குள் போய் ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

அடுத்த நாள் காலை வானம் வெளித்திருந்தது. குணலட்சுமி பிட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வாழையிலையில் கட்டி, ஒரு பையில் போட்டு நீட்டினாள். "தேவமலருக்கு அடுப்பு நனைஞ்சு கிடக்கும். இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ."

அவர் வாங்கவில்லை. "இதைக் கையிலை கொண்டுபோனால் குடுத்துப்போட்டு வந்திடுவன். சொல்லவேண்டியதைச் சொல்லமாட்டன்."

பழைய அளவைப் படத்தையும், விடியற்காலை எழுந்து சபைக்கு எழுதின கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

தேவமலர் தறப்பாளுக்குக் கீழே ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புகை தறப்பாளில் முட்டி அவள் முகத்துக்கே திரும்பி வந்தது. வில்லியம் நனைந்த பாயை வேலியில் விரித்துக்கொண்டிருந்தவர், "வாங்கோ சேர்" என்று கதிரையைத் துடைத்து வைத்தார். சோமசேகரம் இருக்கவில்லை.

"வில்லியம், உங்கடை குசினி வாய்க்காலிலை இருக்கேல்லை. வாய்க்கால் என்ரை வளவுக்குள்ளாலைதான் போகுது. எனக்கு அப்பவே தெரியும்."

வில்லியம் பாயை விட்டுவிட்டுச் சிரித்தார். "அதை மதில் கட்டேக்கை நான்தானே சேர் உங்களுக்குச் சொன்னனான்."

"பேந்து ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை? நான் ஆறு வருசமாய்ப் பாத்துக்கொண்டிருந்தனான், நீங்கள் சொல்லுவியள் எண்டு."

"ஆர் சொன்னது சொல்லேல்லை எண்டு?" என்று தேவமலர் ஊதுகுழலைக் கீழே போட்டாள். "பெக்கோவுக்கு முன்னாலை நிண்டு இவர் கத்தினவர். 'சேரைக் கேளுங்கோ, சேருக்குத் தெரியும்' எண்டு கத்தினவர். நீங்கள் அந்தப் பூவரசுக்குக் கீழை குடையோடை நிண்டு போன் கதைச்சுக்கொண்டிருந்தியள்."

"பெக்கோச் சத்தத்திலை..." என்று தொடங்கி நிறுத்தினார். இந்த வசனத்தை அவர் தனக்குத் தானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "கேட்டது," என்றார்.

"போனிலை ஆர்?"

"ஒருத்தருமில்லை."

அடுப்பு அணைந்து போனதைத் தேவமலர் கவனிக்கவில்லை.

"பேந்து ஊரிலை என்ன சொன்னவை தெரியுமோ? காங்கேசன்துறையிலை இருந்து வந்ததுகள், இருக்க இடம் குடுக்க ஊர்த் தண்ணியையே மறிச்சதுகள் எண்டு. கோயிலிலை எனக்குப் பக்கத்திலை இருந்த சனம் எழும்பி அங்காலை போய் இருந்தது. எங்கடை ரஞ்சினியைப் பள்ளிக்கூடத்திலை 'வாய்க்கால்' எண்டு கூப்பிட்டவை. பதின்மூண்டு வயசுப் பிள்ளை. இனிப் போகமாட்டன் எண்டு அழுதாள். வட்டுக்கோட்டையிலை என்ரை தங்கச்சி வீட்டிலை விட்டுத்தான் படிப்பிச்சனாங்கள். லீவுக்கும் இஞ்சை வரமாட்டாள்."

ரஞ்சினி இங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஏன் இல்லை என்று அவர் கேட்டதில்லை.

"கடிதம் எழுதியிருக்கிறன்," என்றார். "இண்டைக்குச் சபையிலை குடுக்கப்போறன். அறிக்கையைத் திரும்ப எடுக்கிறன். உங்கடை வீட்டிலை ஆரும் கை வைக்கேலாது."

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கினாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய வாசித்தாள். பாதியில் விரலை வைத்தாள்.

"'வெள்ளவாய்க்காலின் பாதை வரைபடத்தில் தவறுதலாகக் கிழக்கே காட்டப்பட்டுள்ளது.' இதென்ன, தவறுதலாக?"

விடியற்காலையில் அந்தச் சொல்லை எழுதும்போது மழைக்கு ஒரு கதவைச் சாத்தினதுபோல் இருந்தது சோமசேகரத்துக்கு.

"விடு மலர்," என்றார் வில்லியம். "சேர் இவ்வளவு எழுதினதே பெரிசு. வீடு தப்பினால் காணும்."

"வீடு தப்பும். எனக்கு விளங்குது. ஆனால் தவறுதல் எண்டால் என்ன சொல்லுவினம்? அட, படிச்ச மனுசன், வயசு போன நேரம், கண் பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லி ஒரு மாலையும் போட்டு விடுவினம். அப்ப குசினி இடிச்சதும் தவறுதல். என்ரை பிள்ளையை அப்பிடிக் கூப்பிட்டதும் தவறுதல். ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. மழைதான் எல்லாம் செய்தது." கடிதத்தை நீட்டினாள். "வெட்டுங்கோ."

அவர் பேனாவை எடுத்தார். வைத்து எழுத மேசை இல்லை. வில்லியம் சாந்து பூசுகிற மட்டப்பலகையைக் கொண்டு வந்து கொடுத்தார். கட்டுப்போட்ட கையால் பிடித்துக்கொண்டு அந்தச் சொல்லை வெட்டினார். மேலே 'தெரிந்துகொண்டே' என்று எழுதினார். எழுத்துக் கோணியது.

"ஆர் செய்தது எண்டும் எழுதுங்கோ."

எழுதினார்.

"ஏன் எண்டும்."

"மலர்!" என்றார் வில்லியம்.

"என்ரை மதிலுக்காக எண்டு எழுதவோ?" என்று சோமசேகரம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நீங்கள் எதுக்காகச் செய்தியளோ, அதை எழுதுங்கோ."

அது இரண்டு வரி. எழுதி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. பழைய படத்தில் தாளை ஒன்றரை விரல் தள்ளி வைத்ததற்குக்கூட அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. தேவமலர் திரும்ப முதலில் இருந்து வாசித்தாள். மடித்து அவர் கையில் கொடுத்தாள். அறைக்குள் போய், ஞாயிறு ஆராதனைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதன் கரையில் வெள்ளத்தின் பழுப்பு ஏறியிருந்தது.

"சபையிலை சனம் இருந்து கேக்கலாமெல்லோ?"

"ஓம். பின் வாங்கிலை இருக்கலாம்."

"இவர் வரமாட்டார். உங்களுக்காக வெக்கப்படுவார். நான் வாறன். நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ."

ஒழுங்கையில் இறங்கினார்கள். வெங்காயத்தறையில் சீவரத்தினம் குனிந்து நின்று, சரிந்த பயிரை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். கண்டதும் நிமிர்ந்து, "மச்சான், தப்பிப் போட்டுது! உனக்குத்தான் புண்ணியம்!" என்று கத்தினார். சோமசேகரம் கையைத் தூக்கவில்லை. கடிதத்தைச் சேட்டுப் பைக்கு மேலே பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் சேற்றில் தேவமலரின் செருப்பு இழுபடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது நின்றுவிடக்கூடாதே என்று அவருக்கு இருந்தது. ஒருக்கால் நின்றுவிட்டால் எவ்வளவு நல்லது என்றும் இருந்தது. அது நிற்கவில்லை.